ஒரு கிளிப் படத்துக்கான கூலி

இன்று ஜவ்வாது மலைக்குக் கிளிகளைப் படம் பிடிக்கப் போனேன். கேமராச் சுருளில் ஒரு படம்தான் மிச்சம். சோளக் கொல்லைப் பரணில் கவணோடு காவல் இருந்த அக்கா, ஒரு கிளியையும் உட்கார விடவில்லை.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன், சும்மா இருங்க அக்கா."

"கிளி குந்துனா உங்களுக்குப் படம். எனக்கு இன்னா?"

நியாயம்தான். "அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் கிளி ஓட்டறேன்" என்றேன்.

கவணை இறக்கினார். கதிரில் ஒரு கிளி வந்து அமர்ந்தது. எடுத்துவிட்டேன்.

பிறகு பொழுது சாயும்வரை பரணில் நின்று கத்தினேன். இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி எத்தனை வருடமாயிற்று.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "நாளைக்கும் வாங்க தம்பி. அந்தப் பொட்டிய மட்டும் வூட்லயே வெச்சிட்டு வாங்க."

நண்பர்களே, யாராவது கூட வருகிறீர்களா? எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.