நான் சாய்ந்திருந்த தூண்

பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது வளர்மதியின் அண்ணன் அழைத்தார். "காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேத்தோமுங்க... எங்க வளர்மதி பாப்பா போயிருச்சுங்க." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பழைய எரிச்சல்தான். இதிலும் என்னை முந்திவிட்டாள்.

அவளோடு பாறைகளில் அலைந்த ஆய்வக நண்பர்களான உங்களுக்குத் தெரியும், பல்லிகளை ஆராய ஒரே ஆய்வகத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். நான் நிறைய வாசித்தேன். அவள் நிறையப் பார்த்தாள். பகல்பல்லிகள் வெயில் கொளுத்தும் சமவெளியைத் தாண்டுவதில்லை, அதனால் குன்றுக்குக் குன்று வேறு இனங்களாகப் பிரிந்துபோயின என்று கருத்தரங்கில் நீளமாக விளக்கினேன். அவள் எழுந்து, "ஒவ்வொரு கரடும் அதுகளுக்கு ஒரு தீவுங்க" என்றாள். எல்லோரும் அதைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அப்பால் ஒரு பாறைக் கரட்டில் பகல்பல்லி தேடப் போனோம். அடிவாரத் தோட்டத்துக்காரர் மறித்தார். "ஏனுங்க அம்மணி, பல்லி வாக்குக் கேக்காம நாங்க கெணறே வெட்டமாட்டமுங்க. கரட்டுல ஏற உட்ருவமா?" கோயில் மண்டபத்தில் உட்காரவைத்தார். வலப்பக்கம் பல்லி சொன்னால்தான் அனுமதி.

நான் தூணில் சாய்ந்து புழுங்கினேன். "பல்லியப் பாக்கறதுக்குப் பல்லிகிட்டயே கேக்கோணுமா?"

"அதுங்க ஊட்டுக்குத்தான போறோம், கேட்டுட்டுப் போனா என்ன?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அசையாத அம்மணி. உன்ற தலைக்கு மேல."

தூணில் ஒரு பல்லி, விரல் நீளம்கூட இல்லை. வீட்டுப்பல்லிக்கு வெளிச்சத்தில் கண்மணி கோடாகச் சுருங்கும். இதற்கு நடுப்பகலிலும் வட்டமாகவே இருந்தது. மாதக்கணக்கில் நான் தேடிய பகல்பல்லி.

"நீங்க சாஞ்சிருந்த தூணுங்க!" என்று தோட்டத்துக்காரர் சிரித்தார். அப்போது பார்த்து வலப்பக்கம் பல்லியும் சொன்னது. அதுவும் அவளுக்காகத்தான் சொன்னது என்றே நினைத்தேன்.

அந்தப் பல்லியைப் பற்றி எழுதிய கட்டுரையில் என் பெயரையும் சேர்த்தாள். பெருந்தன்மையைப் பார்த்தும் வயிறு எரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

துக்க வீட்டில் எங்கோ ஒரு பல்லி சொன்னது. பெண்கள் வழக்கம்போல விரலால் தரையைத் தட்டினார்கள். நான் நிமிர்ந்து தேடினேன். குழல்விளக்கின் பின்னால், அறுந்து மறுபடி முளைத்த வாலோடு இருந்தது. முதலில் பார்த்தது நான். "பாத்தியா?" என்று கேட்கத் திரும்பிய பக்கத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பொறாமை ஒன்றைத்தான். இப்போதெல்லாம் எந்தத் தூணிலும் சாய்வதற்கு முன் மேலே பார்த்துவிடுகிறேன். அவளுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.