வலப்பக்கத்து முன்சீட்

ஜேர்மனியின் எசன் நகரில் இருந்து எங்கள் காரிலேயே வந்து, இன்று ஸ்கொட்லாந்தின் மலைப்பாதை வழியே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தை அடைந்தோம்.

ஜேர்மன் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். அதனால் கணவர் ஓட்ட, எதிரே வருகிறவர்கள் வலப்பக்க முன்சீட்டில் இருந்த என்னையே சாரதி என்று நினைத்தார்கள். ஒடுக்கமான பாதை. ஒதுங்கி வழிவிட்டால் நன்றிக்குக் கை காட்டுவார்கள், நானும் பதிலுக்குக் காட்டினேன்.

பாதி வழியில் மகள் அழ, நான் பின்சீட்டுக்கு மாறிவிட்டேன். பிறகு ஒரே மூடுபனி. எதிரே வந்தது ஒரேயொரு வான் வண்டிதான்.

கிராமத்துக் கடையில் நாங்கள் மூவரும் பால் வாங்கும்போது, அந்த வானை ஓட்டியவர் எங்கள் காரை அடையாளம் கண்டு சிரித்தார்.

"கார் ஓட்டிய வயதான அம்மா எனக்குக் கை காட்டினாரே. அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், வெளியே குளிர்."

நான் கணவரைப் பார்த்தேன். "முன்சீட்டில ஆரும் இருக்கேல்லையேப்பா!"

"என்ர ஜாக்கெட் கிடந்தது. விசர்க்கதை கதையாதையும்."

"ஜாக்கெட் கை காட்டுமோ?"

அவர் பாலுக்குக் காசைக் கொடுத்தார்.

நாளை அதே பாதையால்தான் திரும்ப வேண்டும். முன்சீட்டை வெறுமையாக விடவும் பயம். நான் அதில் ஏறினால், பின்னால் மகளுக்குப் பக்கத்தில் யார் இருப்பது?

ஆராவது நித்திரை கொள்ளாமல் இருந்தால், என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ.