ஜன்னலில் பார்த்த பல்

கீழ்த்தாடையில் இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம். தானாகப் போகும் என்று பார்த்தேன். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி தங்கிவிட்டது. பல வருஷமாகப் புகையிலை அடக்கிய கன்னம் என்பதால் எனக்கும் மனைவிக்கும் மனசில் ஒரே நோயின் பெயர்தான். அதைச் சொல்லாமல் “பல்வலி” என்றே பேசிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம்.

பெங்களூரில் பல் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டரில் தெரிகிறதாம். இங்கே இன்னும் ஃபிலிம். டாக்டரம்மா மேஜைமேல் ஃபிலிம் டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒரு பல்லை வேர் நுனிவரை காட்டும் சின்னது. கடித்துப் பிடிக்க நடுவில் நாக்கு மாதிரி அட்டை நீட்டிக்கொண்டிருப்பது, மேல் பல்லும் கீழ் பல்லும் சேரும் இடத்துக்கு. அப்புறம், சீட்டுக்கட்டு அட்டையைவிடக் கொஞ்சம் குட்டையான பெரியது.

“அது எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“தாடையை மொத்தமா பாக்கணும்னா அது. மொதல்ல சின்னது எடுப்போம். சந்தேகம் வந்தா பாத்துக்கலாம்.”

அதிலிருந்து நான் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. பெரிய டப்பாவைத்தான் பார்த்தேன்.

சின்ன ஃபிலிம் பொட்டலத்தைப் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே செருகி, விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போனார். எனக்குக் குமட்டியது. பொட்டலம் மடியில் விழுந்தது. இந்த வயதில் கூப்பாடு போட வெட்கப்பட்டு, நானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். மெஷின் கிர்ரென்றது.

கழுவிய ஃபிலிமை ஜன்னலோரம் கிளிப்பில் மாட்டி, “காயட்டும்” என்று அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போனார்.

எங்கள் ஊர்க்காரனை ஒரு எக்ஸ்ரேயோடு தனியாக விடக்கூடாது. தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்டில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள். அப்பாவின் நெஞ்சுப் படம் வந்தால் நேரே ஜன்னலுக்குத் தூக்குவோம். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து அபிப்பிராயம் சொல்வார். கருப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடி தெரிந்தால் நுரையீரலில் சுரங்கத்துக் கல்தூசி. என் அப்பாவின் கடைசிப் படம் ரவையைக் கொட்டின மாதிரி இருந்தது.

தூக்கிப் பார்த்தேன். பல் மங்கலாக, அதன்மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்.

“இன்னாங்க, இன்னா தெரியுது?”

“ஒண்ணுமில்ல.”

அவளுடைய அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். வாங்கிப் பார்த்தாள். “பொடி,” என்றாள். அப்புறம் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வரிசை கட்டி வருகிற நோய் உலகத்தில் உண்டா என்று யோசிக்கலாம்தான். படித்த புத்தகமெல்லாம் அந்த நேரத்தில் லீவு போட்டுவிட்டது.

திரும்பி வந்த டாக்டரம்மா, “யாரு சார் தொடச் சொன்னது?” என்றபடி படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கை மேஜைப் பக்கம் போனது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

ஆனால் கை எடுத்தது, பிரித்துப் போட்ட பொட்டலத்தை. “நான் வெச்சப்புறம் இது வெளிய வந்துச்சா?”

“தானா வந்துடுச்சு டாக்டர்.”

“தானா உள்ளயும் போயிடுச்சா?”

உறையை விரித்துக் காட்டினார். வெளியே பிளாஸ்டிக், உள்ளே வெளிச்சம் புகாமல் கருப்புக் காகிதம், அதற்குள் ஃபிலிம் இருந்த இடம், அதன் முதுகுப் பக்கம் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் மாதிரி மெல்லிய ஈயத் தகடு. “வெள்ளைப் பக்கம் பல்லைப் பாக்கணும். நீங்க திருப்பி வெச்சிருக்கீங்க. நீங்க பாத்தது இந்தத் தகட்டோட அச்சு.”

தகட்டில் அதே புள்ளிகள். மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீக்கம் அப்படியேதான் இருந்தது, பெரிய டப்பாவும்.

மறுபடி எடுத்தார். காயும்வரை என்னை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் வாய்க்குள் நாக்கை வீக்கத்தின்மேல் வைத்துக் காத்திருந்தேன்.

“வேர் நுனியில கருப்பா ஒரு வட்டம்.”

“கருப்பா? அப்போ நல்லதுங்களா?” என்றாள் மனைவி.

“பல்லுல கருப்புதாம்மா கெட்டது. சீழ் கட்டியிருக்கு. வேரை சுத்தம் பண்ணிடலாம். சுத்தி எலும்பு நல்லா இருக்கு. புகையிலைய மட்டும் இன்னிக்கே விட்டுடணும் சார்.”

எங்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பெரிய டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்து, கதவைச் சாத்தினார்.