சர்வேயர் வீட்டுப் பேச்சு

என் அக்காவுக்குப் பாம்புக்காது. சின்ன வயதில், பக்கத்து வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால்கூட அது யார் என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். நாங்கள் அதை வைத்து அவளை ஓட்டாத நாளில்லை. அந்தக் காதுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் என்று யார் கண்டது?

எங்களிடம் அவள் சொல்லிவைத்தது டைப்பிஸ்ட் வேலை என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. தொலைபேசி அலுவலகத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஒரு கூடத்தில் அவளுக்கு மேஜை. காதில் ஹெட்போன். காலுக்கடியில் ஒரு மிதி. அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். என் தையல் மெஷின் மாதிரிதான். நான் பள்ளிக்கூடச் சீருடை தைத்தேன், அவள் ஊரார் வீட்டுப் பேச்சைத் தட்டச்சு செய்தாள். கேட்டதை அப்படியே அடிக்க வேண்டும். இருமினால் இருமல், அழுதால் அழுகை, ஒன்றையும் விடக்கூடாது. இன்னொரு விதியும் உண்டு. நாம் கேட்கிற வீட்டு ஆள் யாரையாவது வெளியில் பார்த்துப் பேச நேர்ந்துவிட்டால், மறுநாளே மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எல்லாம் கைமீறிப் போன பிறகுதான். அதுவரை வாயைத் திறந்தவள் இல்லை. நான் புருஷனை இழந்து அவளோடு வந்து சேர்ந்தவள், அவள் கல்யாணமே செய்துகொள்ளாதவள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி இவ்வளவு பெரிய விஷயத்தை ஒளித்து வைத்திருந்தாள் என்றால் என் காது எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒதுக்கிய வீடுகளில் ஒன்று ஒரு சர்வேயருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் நெருக்கியபோது, அந்த ஜனங்களுக்காக நிலத்தை அளந்து கொடுத்து, மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது போதாதா, போனில் காது வைக்க? ஆனால் அக்கா கேட்டதெல்லாம் உப்புச் சப்பில்லாத குடும்பப் பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் மகள், அவள் குழந்தைக்குச் சளி, சர்வேயருக்கு ரத்தக் கொதிப்பு, அவர் மனைவிக்கு முழங்கால் வலி.

வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறாள். அந்தப் பேரக்குழந்தை முதன்முதலாகப் பேசிய சொல்லை அவர்களோடு சேர்ந்து இவளும் கேட்டிருக்கிறாள். சில நாள் வேலை முடிந்து வரும்போது முகம் மலர்ந்திருக்கும். என்னடி விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்பாள். யாரோ கூட வேலை பார்ப்பவள் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவி, ஊரான் குடும்பத்தைத் தன் குடும்பமாகவே ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு நாள் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, ரத்தக் கொதிப்பு மாத்திரை கேட்டார். குரலைக் கேட்டதுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"இப்ப முழங்கால் எப்படிம்மா இருக்கு? மாடி ஏற முடியுதா?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "நீங்க யாரு? உங்களை எனக்குத் தெரியலையே."

"இல்ல... வேற யாரோன்னு நினைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாங்கப் போன மருந்தைக்கூட வாங்காமல் ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் ஹெட்போனை மாட்டினால், சர்வேயர் மனைவி மகளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "யாரோ ஒருத்திடி, என் முழங்காலைப் பத்திக் கேட்கிறா. உன்கிட்டயும் அப்பாகிட்டயும் தவிர யார்கிட்ட நான் சொன்னேன்?" மகள், நீ நொண்டி நடந்ததைப் பார்த்திருப்பார்கள் என்கிறாள். "நான் உக்காந்துல்ல இருந்தேன்" என்கிறார் தாய். அந்தக் குரலில் பயம் இருந்தது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

மேலதிகாரியிடம் சொன்னால் வீடு கைமாறிவிடும். தட்டச்சு செய்தால் அவளே மாட்டிக்கொள்வாள். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துக் கொடுத்தாள். அவள் வேலைக்காலம் முழுவதிலும் அவள் விட்டது அது ஒன்றுதான்.

அவளுடைய மேலதிகாரிக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். வெட்டுவதில் அவ்வளவு கெட்டி. ஆற்றங்கரைக்காரன் ஒருவன் சர்வேயருக்குப் போன் செய்து, பொறுத்தது போதும், வெள்ளிக்கிழமை நில அலுவலகத்தைக் கொளுத்திவிடலாம் என்று கொதித்திருக்கிறான். "அந்தப் பேச்சை எடுத்தா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். மனு கொடுக்கிறதா இருந்தா சொல்லு, முதல் ஆளா வர்றேன்" என்று சர்வேயர் அவனைத் திட்டியிருக்கிறார். அக்கா ஒரு எழுத்து விடாமல் அடித்துக் கொடுத்தாள். கத்திரியின் மேஜையைத் தாண்டிப் போன தாளில், அவன் கொளுத்தலாம் என்பதும், சர்வேயர் "முதல் ஆளா வர்றேன்" என்பதும் மட்டுமே மிஞ்சின. அடுத்த வாரமே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்தித்தாளில் "முதல் ஆளா வர்றேன்" என்ற வரி மட்டும் தனியாக வந்திருந்ததைப் படித்த அன்றுதான் அக்கா என் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கெதுக்குடி இந்த வம்பு? வேலை போகும். ஜெயில்ல தூக்கிப் போட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அவர் வேண்டாம்னு சொன்னதை நான் கேட்டேன். போன் பண்ணினவனும் தலைமறைவாயிட்டான். இப்ப அதைச் சொல்ல வேற யார் இருக்கா?"

"இவ்வளவு நாள் ஒட்டுக் கேட்டப்ப இந்த நியாயமெல்லாம் எங்க போச்சு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன்.

"அப்படியே அடிச்சுக் கொடுத்தா அதுல தப்பு ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன்" என்றாள். "தப்புதான். இப்பத் தெரியுது."

சர்வேயரின் வக்கீலைத் தேடிப் போய்ச் சொன்னாள். வேலை போயிற்று, ரகசியத்தை வெளியிட்டதாக அவள் மேலும் ஒரு வழக்கு வந்தது. தெருமுனையில் எந்நேரமும் ஒரு வண்டி நின்றது. சீருடை தைக்கக் கொடுத்த பள்ளிக்கூடம் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அவள் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, நானே கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அசல் பதிவு இயந்திரக் கோளாறில் அழிந்துவிட்டது என்று அலுவலகம் சொல்லிவிட்டது. ஆக, அக்காவின் சொல் ஒன்றுதான் அந்த மனிதருக்கு மிச்சம். தடுமாறாமல் சொன்னாள். சர்வேயர் கூண்டிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் மனைவி முன்வரிசையில் கையைக் கூப்பியபடி இருந்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தான். "கேட்டதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் விட்டதில்லை, அப்படித்தானே?" என்று தேன் ஒழுகக் கேட்டுவிட்டு, ஒரு பதிவை ஓடவிட்டான். யாரோ ஒருத்திடி, என் முழங்காலைப் பத்திக் கேட்கிறா. கையோடு அக்கா அடித்த தாளையும் நீதிபதியிடம் நீட்டினான். அதில் அந்தப் பேச்சே இல்லை. அவள் பழைய வேலை முழுவதையும் ஆள் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். ஒரு மனிதரைக் காப்பாற்றக்கூடிய பதிவு அழிந்துபோகுமாம், இந்த முழங்கால் வலி மட்டும் பத்திரமாக இருக்குமாம்! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"தன் வசதிக்குப் பேச்சை வெட்டுகிற ஆள், மேலதிகாரி வெட்டினார் என்கிறாள்" என்றான். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி அவள் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டார். முன்வரிசையில் சர்வேயர் மனைவியின் கைகள் மடியில் இறங்கியிருந்தன. மருந்துக்கடையில் ஒரு கணம் பார்த்து மறந்த முகம் இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளிடம் தான் பேசியதையெல்லாம்கூட இவள் கேட்டிருக்கிறாள் என்பதும்.

சர்வேயருக்குத் தண்டனை கிடைத்தது. சிறையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தார்களோ இல்லையோ, அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவளைத் தியாகி என்று சிலர் எழுதினார்கள், துரோகி என்று சிலர் எழுதினார்கள். இரண்டு தரப்பாரும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை. அவள் எனக்குப் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு, சாப்பிடு என்றால் சாப்பிட்டுக்கொண்டு, உயிரோடு இருந்தாள்.

அப்படி ஒரு மத்தியானம் சர்வேயர் மனைவி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னை விலக்கிவிட்டு அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"நான் இல்லாத நேரத்துல அவர் மகள்கிட்ட தனியாப் பேசுவார். என்னைப் பத்தி என்ன பேசினார்? மகளைக் கேட்டா அழுதுட்டு போனை வச்சிடுறா."

"அது அவர் உங்க மகள்கிட்ட பேசினதும்மா" என்றாள் அக்கா. "நான் கேட்டிருக்கவே கூடாது. அதை நான் எப்படிச் சொல்றது?"

"ஓ. கவர்மெண்டுக்குச் சொன்னீங்க. கோர்ட்டுல ஊரறியச் சொன்னீங்க. எனக்குச் சொல்ல மட்டும்தான் கூச்சமா இருக்கா?"

அக்கா மடியிலிருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு மெல்லப் பேசினாள்.

"மகள்கிட்ட, உங்கம்மா இல்லன்னா நான் ஒண்ணுமே இல்லன்னு சொல்வார். அவளை உக்கார வச்சு ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லையே, அதுதான் மனசை அறுக்குதுன்னு ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது குரல் உடைஞ்சுபோச்சு."

அவள் புளுகுகிறாள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவள் இல்லையா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சர்வேயர் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றார். "அவர் இப்படியெல்லாம் பேசுற ஆளே இல்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."