பொட்டு வைத்த நான்கு சக்கரங்கள்

வேலை முடிந்து வந்ததும் இராஜமாணிக்கம் சட்டையைக்கூடக் கழற்றமாட்டார். நனைத்த துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு காரின் முன்சக்கரத்தருகே குந்துவார். ஸ்போர்ட் ரிம்மின் இடுக்குகளுக்குள் விரல் நுழைந்து, பிரேக்கின் கரித்தூளை வழித்துக்கொண்டு வெளியே வரும். நடுவே உள்ள மூடியை நெருங்கும்போது மெதுவாகும். அங்கே ஆயுத பூசையன்று மனைவி நீலாவதி வைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. தூங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோல் துணி அதைச் சுற்றிக்கொண்டு போகும். நான்கு சக்கரங்களுக்கும் இப்படித்தான்.

"வச்ச பொட்டை நாமளா அழிக்கக்கூடாதுங்க. அதுவா போகட்டும்" என்று நீலாவதி சொல்லியிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

ரந்தாவுக்கு அருகே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஓவர்டைம் நிறையக் கிடைத்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ரிம்கள் அவை. காரோடு வந்த பழைய சக்கரங்களை அன்றே டயர் கடைக்காரனிடம் தள்ளிவிட்டார். அகலமான, தட்டையான டயர்கள் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். தோட்டத்துச் செம்மண் ரோட்டிலோ ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் வந்து இடிக்கும்.

நீலாவதிக்கு இதற்கு முன் இரண்டு கருக்கள் தங்கவில்லை. "இந்தத் தடவ குலுங்காம பாத்துக்குங்க" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். நீலாவதி ஒன்றும் முறையிடவில்லை. குழி வரும்போதெல்லாம் அவளுடைய ஒரு கை கதவைப் பிடிக்கும், மற்றொன்று அடிவயிற்றுக்குக் கீழே போகும். ரோட்டைப் பார்க்க வேண்டிய இராஜமாணிக்கம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிம்களை விற்றுவிட்டுச் சாதாரணச் சக்கரம் மாட்டுவதென்று ஒருநாள் முடிவு செய்தார். ஓவர்டைம் நின்றுபோயிருந்ததால், விற்றால்தான் வாங்க முடியும்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. இணையத்தில் போட்டால் உடனே போய்விடும் என்றார்கள். சிரம்பானில் ஒரு கணினிக் கடைக்குப் போய், கையிலிருந்த ஒரே படத்தை ஸ்கேன் செய்து விளம்பரத்தில் சேர்த்தார். பூசையன்று எடுத்த படம் அது.

"பாங், இனி காராட் கே?" என்று கேட்டார் முதலில் தொலைபேசியில் அழைத்த மலாய்க்காரர். துருவா என்கிறார். அடுத்தவர், விபத்தில் அடிபட்ட காரா என்று கேட்டுப் பதில் வருவதற்குள் வைத்துவிட்டார்.

தொழிற்சாலை கேண்டீனில் உடன் வேலை செய்யும் மாயாண்டி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"மாணிக்கண்ணே, எனக்கே பயமா இருக்கு லா. ரிம்முக்கு ரிம்மு ரத்தக்கற மாதிரி தெரியுது. டயருக்கு முன்னால என்னண்ணே மஞ்சளா?"

"எலுமிச்சம்பழம்."

"டயர் விக்கிறவன் டயர் படம் போடுவான். நீங்க பூச படம் போட்டிருக்கீங்க. கழுவிட்டு வேற எடுங்க."

"வீட்டுல விடாது."

"அப்ப வாங்கறவன் தேங்கா பழத்தோடதான் வரணும்."

சிவப்பாக இருப்பது சாமிக்கு வைத்தது, துரு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தார். அதன்பிறகு துருவா என்று கேட்கக்கூட யாரும் அழைக்கவில்லை. நீலாவதியின் வயிறு இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து நாகநாதன் வந்தார். வட்டிக்கடைக் குடும்பத்து மனிதர். மகன் கணினியில் காட்டினானாம். வெள்ளைச் சட்டை மண்ணில் படாமல் குந்தி, டயரைப் பார்க்காமல் பொட்டைப் பார்த்தார்.

"இத அழிக்காம எப்படிக் கழுவறீங்க?"

இராஜமாணிக்கம் விரலைக் காட்டினார். நாகநாதன் சிரித்துக்கொண்டே எழுந்தார். வாசலில் நீலாவதி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"எங்கிட்ட உங்க கார் சைஸுக்கே நாலு சக்கரம் இருக்கு. தடிச்ச டயர், மெத்துனு இருக்கும். மாத்திக்குவமா? மேல கொஞ்சம் போட்டும் தர்றேன்."

"எந்தக் கார்ல ஓடுனதுங்கய்யா?"

"ரொம்ப ஓடாத வண்டி. நிழல்லயே நிக்கிறது."

மறுவாரம் சக்கரங்கள் வந்தன. டயரின் வரிகள் தேயாமல் ஆழமாக இருந்தன. போல்ட்டுத் துளைகளில் மட்டும் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. "சொல்லவே இல்ல பாரு. துரு" என்று முணுமுணுத்தபடி மண்ணெண்ணெய் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். மாட்டி முடித்ததும் நீலாவதியை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஆபீஸைத் தாண்டியிருந்த பெரிய குழிக்கே போனார். கார் இறங்கி ஏறியது. அவளுடைய இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

தை பிறந்து சில நாளில் வலி எடுத்தது. மழை ஊறிய அதே ரோட்டில்தான் போனார்கள். பெண் குழந்தை.

பங்குனியில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயில் தாழ்ந்து ரதம் கிளம்பியது. பட்டுத் துணியின் விளிம்புக்குக் கீழே உருண்டுவந்தவை அவருடைய ரிம்கள். புதுப் பொட்டு வைத்திருந்தார்கள். வடத்தின் பக்கத்தில் நாகநாதன் வேட்டியோடு நடந்து வந்தார்.

"ஈர மண்ணுல ரதம் சாஞ்சு சாஞ்சு ஆடுச்சு. அகல டயரா தேடிக்கிட்டிருந்தோம்."

"கோயிலுக்குன்னு சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா சும்மாவே குடுத்திருப்பீங்க. அப்புறம் உங்க வீட்டம்மா எதுல ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

இராஜமாணிக்கம் குனிந்து ரதத்தின் அடியைப் பார்த்தார்.

"அப்ப எனக்குக் குடுத்த நாலும்?"

"இதுக்கு அடியில இருந்ததுதான். போன வருசம் வரைக்கும் அம்மாளைச் சுமந்தது."

போல்ட்டுத் துளைகளில் அவர் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தது துரு அல்ல.