குடை விரித்த பங்குனி

கூலி நெல் கூட்டிக் கேட்டுக் கொடி பிடித்ததற்காக என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. முழுசாகத் திரும்பி வந்தால் இருவருமாக வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். மெட்ராஸில் ஆட்சி மாறியிருந்த சமயம். வந்துவிட்டார். உளுந்து பிடுங்கி வயல் ஓய்ந்த பங்குனியில் கிளம்புவதாக முடிவானது. அந்த வருஷம் பார்த்து, சாயங்காலமானால் கோடை மழை இடித்துக்கொண்டு வந்தது.

மழைக்கு என்ன எடுத்துப்போவது என்று வீட்டில் ஓயாத பேச்சு. மாமியார் சாக்குக் கொங்காணியைத் தூசி தட்டி வைத்தார். சாக்கின் ஒரு மூலையை மற்றதற்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வது. நடவுக்குச் சரி, குனிந்தே நிற்பவர்களுக்காகச் செய்தது. நிமிர்ந்து நடந்தால் ஈரச்சாக்கு கழுத்தைப் பின்னால் இழுக்கும். உர மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் பையையும் போட்டுப் பார்த்தேன். வேர்த்து, மழையில்லாமலேயே நனைந்தேன்.

"குடை வாங்கிடலாங்க," என்றேன்.

எங்கள் தெருவில் அதுவரை குடை கிடையாது. மிராசுதார் தெரு வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் குடை விரிக்கக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

"சாக்கு போதும்மா. வம்பு வேணாம்," என்றார் மாமியார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஜெயிலுக்கே போய் வந்தவருக்குக் குடை ஒரு வம்பா? வீட்டுக்காரர் வலங்கைமான் போய், பிரம்புப் பிடி போட்ட கறுப்புக் குடையோடு திரும்பினார்.

விடியுமுன் புறப்பட்டோம். மிராசுதார் தெருவில் அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடை அவர் கக்கத்தில் மடங்கியே கிடந்தது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

திருவாரூர் தாண்டி ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. குடைக்குள் நாங்கள் இருவர் மட்டும். வாய்க்கால், வரப்பு, தூரத்துப் பனைகள் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துபோயின. துணிமேல் மழை பேசிக்கொண்டே வந்தது. கால்கள் தம்பாட்டுக்கு நடந்தன. இப்படியே போனால் கடல் வந்தாலும் நிற்க மாட்டோம் போலிருந்தது. பகலில், நாலு பேர் பார்க்க, அவரோடு அவ்வளவு ஒட்டி நான் நடந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

ஓட்டு வீடுகள் வரிசையாக நின்ற ஒரு தெருவுக்குள் நுழைந்தோம். ஒரு வாசலில் சாய்வு நாற்காலியில் யாரோ பெரியவர். திடீரென்று என் முகத்தில் மழை அடித்தது. குடை மடங்கி வீட்டுக்காரர் கக்கத்துக்குப் போயிருந்தது. நானும் அவரைவிட்டு விலகி, தெருவோரமாக நடந்துகொண்டிருந்தேன். எங்களை யாரென்றே தெரியாத ஊர் அது.

"ஏம்ப்பா, குடைல கம்பி ஒடஞ்சுபோச்சா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லிங்க," என்றார் இவர்.

வேறென்ன சொல்வார். தெரு முடியும்வரை நனைந்தோம். எனக்கு அழுகையாக வந்தது.

வேண்டுதல் முடித்து, உச்சி வெயிலில் ஊர் திரும்பினோம். மிராசுதார் தெரு முனையில் அவர் நின்றுவிட்டார்.

"நான் விரிக்கட்டுமா?" என்றேன்.

"இரு, நானே விரிக்கிறேன்."

விரித்தார். நடுத்தெருவில் நடந்தோம். வாசலுக்கு வாசல் ஆட்கள் இருந்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு இலை அசையாத வெயில். குடை மட்டும் எங்கள் தலைக்கு மேல் நடுங்கிக்கொண்டே வந்தது. நானும் ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டேன்.