நாவூறு படாமல் வளர்ந்த பிள்ளை

பாலாம்பிகைக்கு ஒரு குழந்தையைப் பிடித்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் வசவுதான். "இதென்ன சாமான், காய்ஞ்ச முருங்கைக்காய் மாதிரி" என்பாள். "மூக்கைப் பார், சூப்பிப்போட்ட மாங்கொட்டை" என்பாள். சொல்லிக்கொண்டே தன் தட்டில் இருக்கும் நல்ல துண்டை எடுத்து அதன் வாயில் வைப்பாள். வடிவான பிள்ளையை வடிவென்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும், காய்ச்சல் வரும், பிள்ளை பால் குடிக்காது. சூரியன் கிழக்கில் உதிப்பதைப் பற்றிக்கூட அவளுக்குச் சந்தேகம் வரலாம், இதைப் பற்றி வராது.

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவள் சமையல் செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் இதனால் ஒருமுறை பெரிய ரகளையே நடந்தது. கொழுகொழுவென்று ஒரு கெபெக் குழந்தை புதிதாக வந்து சேர்ந்தது. பாலாம்பிகை அதன் தாயிடம், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், "மடாம், உங்கள் பிள்ளை வடிவே இல்லை" என்று முகம் நிறையச் சிரிப்போடு சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கண்கலங்கி நிர்வாகியிடம் போனாள். நிர்வாகி பாலாம்பிகையைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாள், விளக்கத்தைக் கேட்ட பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனிமேல் பிள்ளைகளைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம், சூப்பை மட்டும் ஊற்றினால் போதும் என்று உத்தரவாயிற்று.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஆஸ்திரேலியக் கால்பந்தில் பைத்தியம் பிடித்த கதை வேறு. மொன்றியலுக்குக் கலியாணம் முடித்து வருவதற்கு முன்பு அவள் மெல்பேர்னில் தங்கை புஷ்பவதி வீட்டில் சில வருடங்கள் இருந்தாள். தங்கையின் கணவர் ஒரு கழகத்தின் உறுப்பினர் அட்டையை வாங்கி வைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் வேலைக்குப் போய்விடுவார். வாங்கிய பொருள் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பாலாம்பிகையால் முடியாது. அட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. அரைக் காற்சட்டை போட்ட ஆண்கள் முட்டை வடிவப் பந்து ஒன்றை உதைத்தார்கள், கையால் குத்தினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பிடித்தார்கள். அவள் இருந்த பக்கத்துக் கழகம் படுதோல்வி அடைந்தது. ஆனால் தோற்ற பிறகு சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஊரை விட்டு வந்த அந்தக் காலத்தில், தோற்றவர்களுக்கு யாரும் கைதட்டி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அது அவளுடைய கழகம். கழகமும் நன்றியோடு வருடா வருடம் தோற்றது.

மொன்றியலில் இதைப் பேச ஆள் கிடைப்பது லேசான காரியமா? கணவர் நகுலேஸ்வரன் பனி ஹொக்கி தவிர வேறொன்றும் பார்க்க மாட்டார். ஒரு பனிநாளில் அவள் கழகத்தின் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு டாக்சியில் ஏறினாள். டாக்சி ஓட்டிய வலன்ரைன், முன்பு மெல்பேர்னில் வேலை செய்தவர், திரும்பிப் பார்த்து "இந்தக் கோதாரிக் கழகத்துக்கு இங்கையும் ஆள் இருக்கோ தங்கச்சி?" என்றார். அடுத்து ஹரிபிரசாத் வந்து சேர்ந்தான். சென்னைப் பையன், மெல்பேர்னில் ஒரு வருடம் மென்பொருள் வேலை, இப்போது இங்கே மேற்படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த பாலாம்பிகையின் சமையலறையில் மூவரும் கூடினார்கள்.

நவம்பர் வந்தால் சமையலறை கொதிக்கும். அது டிராஃப்ட் மாதம். பதினெட்டு வயதுப் பையன்கள் பெயர் கொடுப்பார்கள், கழகங்கள் முறை வைத்து அவர்களை எடுக்கும். கடைசியாக வந்த கழகத்துக்குத்தான் முதல் பந்தி. பெயர் கொடுப்பவர்களில் பத்தில் ஒருவனுக்கு இடம் கிடைத்தால் பெரிய விஷயம். யாரை எடுக்கலாம் என்று இந்த மூவரும் பேசுவதை வாசலில் நின்று கேட்டால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றே நினைப்பீர்கள்.

"பெடியன் நல்ல உயரம்" என்பார் வலன்ரைன்.

"உயரம் கிடக்கட்டும் அண்ணை, முழங்கால் எப்பிடி? ஒருக்கா வெட்டினதெல்லே?" என்பாள் பாலாம்பிகை.

"அப்பா இருநூறு மேட்ச் ஆடியிருக்கார் ஆன்ட்டி, நல்ல ஃபேமிலி" என்பான் ஹரி.

"தேப்பன் ஆடினால் மகன் ஆடுவானோ? தேப்பனைப் போலை குடிச்சாலும் குடிப்பான்."

ஹரிதான் அவளுக்குக் கழக இரசிகர்களின் இணைய மன்றத்தைக் காட்டிக் கொடுத்தான். 'மொன்றியல்' என்ற பெயரில் எழுதினாள். எல்லோரும் தூக்கிப் பிடித்த ஒரு நெட்டைப் பையனைப் பற்றி, "விழும்போது முழங்கால் உள்ளே மடிகிறது, எடுக்காதீர்கள்" என்று ஒருமுறை தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் எழுதிவைத்தாள். கழகம் எடுத்தது, பையன் இரண்டு வருடம் ஊன்றுகோலோடு திரிந்தான். பாதி கண், பாதி அதிர்ஷ்டம். ஆனாலும் அதற்குப் பிறகு 'மொன்றியல்' சொன்னால் வேதவாக்கு என்றாகிவிட்டது. அது யாரோ கோபக்காரக் கிழவர் என்றுதான் மன்றத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

2006ஆம் ஆண்டு டிராஃப்ட்டுக்கு இரண்டு ஞாயிறு முன்னால், ஹரி மடிக்கணினியைத் திறந்தவன் துள்ளிக் குதித்தான்.

"ஆன்ட்டி! பேர் குடுத்தவங்க லிஸ்ட்ல ஒரு தமிழ்ப் பையன்! விதுர்சன்! இப்பவே ஃபோரம்ல போட்டு ஒரு கலக்கு கலக்கிடலாம்!"

விதுர்சன் புஷ்பவதியின் மகன். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளில் அவனைக் கையில் வாங்கியவள் பாலாம்பிகை. பெயர் கொடுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே விட்டால் நாலு பேரின் வாயில் விழும் என்று அக்காவும் தங்கையும் மூச்சு விடாமல் வைத்திருந்தார்கள். வாராவாரம் தொலைபேசியில்கூட, "என்னடி, உன்ரை பெடியன் இன்னும் மாடு மாதிரித்தான் ஓடுறானோ?" என்று இவள் கேட்பாள். "மாடெண்டாலும் பரவாயில்லை அக்கா, இது எருமை" என்று அவள் சொல்வாள். இரண்டு பேருக்கும் பெருமை பிடிபடாது.

இப்போது ஹரி ஊரைக் கூட்டிப் புகழப் போகிறான். "அவனோ?" என்று பாலாம்பிகை முந்திக்கொண்டாள். "கால் எழும்பாத பெடியன். இஞ்சை தா, நான் எழுதிறன்." மடிக்கணினியைப் பிடுங்கி எழுதினாள்: வேகம் இல்லை, இடது கால் பலவீனம், நம் கழகத்துக்கு வேண்டாம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. யாரோ ஒருவர், "நான் அவன் விளையாடிப் பார்த்தேன், அவ்வளவு மோசமில்லையே" என்று பதில் எழுதினார். புகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று பயந்து, பாலாம்பிகை இன்னும் கடுமையாக எழுதினாள்.

அடுத்த ஞாயிறு ஹரி சிரித்துக்கொண்டே வந்தான். "நீங்க சொன்னா சொன்னதுதான் ஆன்ட்டி. விதுர்சனை எல்லாரும் சேர்ந்து கழட்டி விட்டுட்டாங்க. கிளப் ஆளுங்களே அந்த ஃபோரத்தைப் படிக்கிறாங்களாம்."

பாலாம்பிகை கையிலிருந்த அகப்பையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி" என்றாள், "அவன் என்ரை தங்கச்சியின்ரை பெடியன்."

வலன்ரைனுக்கு உடனே விளங்கிவிட்டது. "நாவூறு படாமல் இருக்க எழுதினனீயோ? அட கடவுளே, நாசமாப் போச்சு."

"எங்க ஊர்லயும் கண்ணு படும்னு சொல்லுவாங்க" என்றான் ஹரி பரிதாபமாக. "ஆனா இன்டர்நெட்ல யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க ஆன்ட்டி."

அவளுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைமை. சும்மா இருந்தால் அவள் வசவு அவன் வாழ்க்கையைக் கெடுக்கும், புகழ்ந்தால் நாவூறு கெடுக்கும். பிறகு எழுந்து ஒரு பிடி உப்பை எடுத்து மடிக்கணினியை மூன்று முறை சுற்றினாள். மிளகாயும் சுட்டிருப்பாள், மொன்றியலில் மிளகாய் சுட்டால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

"ஹரி, நான் சொல்லச் சொல்ல எழுது. பிழையில்லாத இங்கிலீசிலை எழுது."

தங்கை வருடா வருடம் அனுப்பும் வீடியோக்களில் கண்டதையெல்லாம் சொன்னாள். பந்து உயரத்தில் வரும்போது இந்தப் பையன் பின்னோக்கி ஓடுகிறான், யார் வந்து மோதுவார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. வேகம் குறைவு, அது உண்மை. ஆனால் பந்து எங்கே விழும் என்பது மற்றவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடம் போலவே ஓடுகிறான். "நான் முதலில் எழுதியது பிழை. இவன் எங்கள் கழகத்துக்கென்றே பிறந்தவன்" என்று முடித்தாள்.

டிராஃப்ட் மெல்பேர்னில் சனிக்கிழமை மதியம், மொன்றியலில் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. மன்றத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கழகம் ஒரு நெட்டையனை எடுத்தது, பிறகு ஒரு வேகக்காரனை, பிறகு யாரும் கேள்விப்படாத ஒருவனை. மற்றக் கழகங்களும் எடுத்து முடித்தன. விதுர்சன் என்ற பெயர் வரவேயில்லை.

"அடுத்த மாசம் சின்ன டிராஃப்ட் ஒண்ணு இருக்கு ஆன்ட்டி" என்றான் ஹரி. அவள் காதில் விழவில்லை. திட்டியதால் போயிற்றா, புகழ்ந்ததால் போயிற்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் தன் வாயால்தான் போயிற்று என்று மட்டும் தெரிந்தது.

தொலைபேசி அடித்தது. புஷ்பவதி.

"அக்கா, எடுபடேல்லை. அதுக்கென்ன, இவன் என்ன பெரிய விளையாட்டுக்காரனே" என்றாள் வழக்கம்போல. குரல் மட்டும் உடைந்திருந்தது. "பொறு, உன்னோடை கதைக்க வேணுமாம்."

விதுர்சன் வந்தான். "பெரியம்மா, ஃபோரத்திலை மொன்றியல் எண்டு எழுதிறது நீங்கள்தானே? அங்கை இருந்து வேறை ஆர் எழுதப் போகினம்?"

"ஓமடா ராசா, நான்தான். என்ரை வாயாலைதான் உனக்கு..."

"இல்லை பெரியம்மா. நான் எல்லாப் பக்கமும் தேடினனான். நீங்கள் எழுதுறதுக்கு முன்னம் ஒருத்தரும் என்ரை பேரையே எழுதேல்லை. நீங்கள் எழுதாட்டிலும் என்னை எடுத்திருக்க மாட்டினம். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. முதல் எழுதினது உண்மையோ, கடைசியா எழுதினது உண்மையோ?"

பதினெட்டு வயதுப் பையன், அன்றுதான் எல்லாம் கைவிட்டுப் போனவன், அவன் கேட்டது இதைத்தான்.

"கடைசியா எழுதினது" என்றாள் பாலாம்பிகை. "நீ நல்லா விளையாடுறாயடா. உன்னைப் போலை பயமில்லாமல் பந்துக்குப் போற பெடியனை நான் காணேல்லை."

அவன் மெல்லச் சொன்னான். "அம்மா ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. மழை வெயில் பாராமல் எல்லா மாட்சுக்கும் வருவா, வீடியோ எடுப்பா. வீட்டை வந்தா எருமை எண்டுவா. நான் சரியில்லை, பாவம் பாத்துத்தான் வந்து நிக்கிறா எண்டு நினைச்சன்."

இரண்டு பெண்கள் காவல் நின்று ஊர்வாய் எதுவும் அண்டாமல் வளர்த்த பிள்ளை. ஒரு நல்ல வார்த்தையும் அண்டாமல் வளர்ந்திருக்கிறான்.

"கொம்மாட்டைக் குடு" என்றாள்.

"என்னக்கா?"

"அவனுக்கு முன்னாலை நிண்டு சொல்லு, நல்லா விளையாடுறாய் எண்டு."

"உனக்கென்ன விசரே? நாவூறு பட்டிடும்."

"படட்டும்! நான் போனை வைக்க மாட்டன். கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். சொல்லடி."

புஷ்பவதி தொலைபேசியை எங்கோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினாள். "தம்பி" என்றாள். பாலாம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, நீ ஏழு வயசிலை முதல் கோல் அடிச்சனியெல்லே? அண்டைக்கு நான் கமராவைக் கீழை போட்டிட்டுக் கத்தினனான். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரி பயந்து போனாள்."

தொடங்கியவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருடமாக, ஒவ்வொரு ஆட்டமாக, மழையில் பிடித்த பந்து, பல் உடைந்த நாள், தோற்றுவிட்டு அழாமல் வந்த நாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் பையன் அழும் சத்தமும் கேட்டது. தாயும் அழுதாள், ஆனால் பேச்சு நிற்கவில்லை.

ஹரியும் வலன்ரைனும் பாலாம்பிகையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு? பேசி முடிச்சிட்டாங்களா?" என்றான் ஹரி.

அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள். "பொறு தம்பி. அவள் இப்பதான் பன்னிரண்டு வயசிலை நிக்கிறாள்."